மூன்று மில்லிமீட்டருக்கு மூன்று மாடி

எங்கள் ஊரில் கிளியரன்ஸ் இல்லாமல் ஒன்றும் நடக்காது. கல்யாணம் கட்டக் கிளியரன்ஸ், பன்றி வளர்க்கக் கிளியரன்ஸ், செத்தவனைப் புதைக்கக் கிளியரன்ஸ். பிறப்பதற்கு மட்டும் இன்னும் கேட்கவில்லை. அது யாருக்காவது தோன்றியிருந்தால் ஏரிக்கரையில் பாதிப் பேர் இன்னும் தாய் வயிற்றிலேயே வரிசையில் நின்றுகொண்டிருப்போம். ஆனால் ஒரு பல்லைக் காப்பாற்றுவதற்கு இத்தனை கிளியரன்ஸ் வேண்டும் என்பது தாக்கியோவோடு அலைந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

தாக்கியோ எங்கள் ஊர் பேண்டில் முதல் ட்ரம்பெட். நான் பெரிய டிரம். அவன் ஊதுவான், நான் அடிப்பேன். அவனுக்கு மகன் பிறந்தபோது கோயிலில் ஞானஸ்நானத்தின்போது பிள்ளையைக் கையில் ஏந்தி ஞானத்தகப்பனாக நின்றவன் நான். அன்றிலிருந்து அவன் எனக்கு 'பாரே', நான் அவனுக்கு 'பாரே'. எங்கள் பக்கத்தில் இந்த உறவு கூடப்பிறந்ததைவிடக் கெட்டியானது.

அந்தப் பிள்ளை எமெங், புயல் எச்சரிக்கை வந்த ஒரு நாள், மீன்பண்ணை வலைகளை இழுத்துக் கட்ட ஏரிக்குப் போனான். படகு கரைக்கு வந்தது, அவன் வரவில்லை. தேடாத இடமில்லை. உடலும் கிடைக்கவில்லை. அப்பனிடம் ட்ரம்பெட் கற்று, அப்பனையே மிஞ்சிவிடுவான் போலிருந்த பையன்.

அவன் அம்மா சலோமே அழவில்லை. உடலைக் காட்டாமல் அழச் சொன்னால் எப்படி என்று கேட்டாள். சாப்பாட்டு மேசையில் அவன் தட்டு எப்போதும் இருந்த இடத்திலேயே இருந்தது. அவள் கணக்கு வேறு. பெரிய வெள்ளி மாலை ஊர்வலத்தில் வியாகுல மாதாவின் சப்பரம் ஏரிக்கரைத் திருப்பத்தில் வந்து நிற்கும். பேண்டு மொத்தமும் அடங்கிவிடும். தாக்கியோ மட்டும் ஊதுவான், மகனைப் பறிகொடுத்த தாயின் பாட்டு. அந்தத் திருப்பத்தில்தான் அவர்கள் வீடு. சலோமே மாடி ஜன்னலில் நின்று தாக்கியோவைப் பார்க்கமாட்டாள், ஏரியைப் பார்ப்பாள். எமெங் எங்கேயோ அக்கரையில் பேர் ஊர் மறந்து கிடக்கிறான் என்றும், அப்பனின் ஊதல் காதில் விழுந்தால் எல்லாம் ஞாபகம் வந்து கிளம்பிவிடுவான் என்றும் அவள் நம்பினாள். ஊரில் ஒருவரும் அவளைப் பார்த்துச் சிரித்ததில்லை.

தவக்காலம் நெருங்கினால் சொல்லிவிடுவாள். "இந்த வருஷம் நல்லா சத்தமா ஊதுங்க. போன வருஷம் காத்து எதிர்க்காத்து."

அவனும் ஊதுவான். அவனுக்கு நம்பிக்கை இருந்ததா என்று நான் கேட்டதில்லை. ட்ரம்பெட் ஊதாவிட்டால் அவள் என்ன ஆவாள் என்ற பயம் இருந்தது, அது எனக்குத் தெரியும்.

அப்படியிருக்கும்போதுதான் அவனுடைய மேல்வரிசை முன்பல்லுக்கு மேலே ஈறு உப்பிச் சீழ் வைத்தது. பழைய பல், எப்போதோ வேர் சிகிச்சை செய்து, உள்ளே கம்பி இறக்கி, மேலே உறை போட்டது. ட்ரம்பெட்டின் வாய்க்குழாய் உதட்டை அழுத்துவது சரியாக அந்த இடத்தில். எங்கள் ஊர்ப் பல் டாக்டரம்மா செலெரினா விளக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். வயதில் மூத்தவர்களை எங்கள் பக்கத்தில் 'மாங்' சேர்த்துத்தான் கூப்பிடுவோம்.

"வேர் நுனியில சீழ் கட்டியிருக்கு, மாங் தாக்கியோ. பிடுங்கிடட்டுமா?"

"பிடுங்கினா ஊத முடியாதே, டாக்டரம்மா."

"கட்டுப்பல் வச்சுக்கலாம்."

"கட்டுப்பல் அழுத்தத்துல ஆடும். பல்லு இல்லாம ட்ரம்பெட் ஏது?"

அவள் யோசித்தாள். "அப்போ ஒரு வழி இருக்கு. மேல உறையும் கம்பியும் அடைச்சிருக்கிறதால முன்வாசல் வழியா உள்ள போக முடியாது. ஈறைத் திறந்து கொல்லைப்புறமா போய், வேர் நுனியை மட்டும் கொஞ்சம் வெட்டி, சீழைச் சுரண்டி எடுத்து அடைக்கணும். மூணு மில்லிமீட்டர் வெட்டு, அவ்வளவுதான். மாகாணத் தலைநகர்ல அதுக்குன்னே புதுசா மையம் கட்டியிருக்காங்க. ஆனா உங்களுக்கு சர்க்கரை, பிரஷர், இதயத்துல ஸ்டென்ட்டு எல்லாம் இருக்கே. நான் தொடமாட்டேன். அங்கதான் எல்லா டாக்டரும் ஒரே கூரையடியில இருக்காங்க."

ஒரே கூரை என்றதும் நாங்கள் சந்தோஷப்பட்டோம். கூரையைப் பற்றி அதிகம் தெரியாத காலம் அது.

வேர்நுனி உயர்சிறப்பு மையம் மூன்று மாடிக் கட்டடம். மூன்று மில்லிமீட்டர் வெட்ட மூன்று மாடி என்றால் மாடிக்கு ஒரு மில்லிமீட்டர். வாசலில் காவலாளி தடுத்தான்.

"நோயாளிக்குத் துணையாள் யாரு?"

"நான்தான்."

"துணையாளுக்கு பிரஷர் பார்த்தாச்சா? நேத்து ஒரு துணையாள் மயங்கி விழுந்து நோயாளிதான் பார்த்துக்கிட்டாரு."

என் பிரஷரைப் பார்த்தார்கள். அது கொஞ்சம் உயர்ந்திருந்தது. காத்திருந்து இன்னொரு தடவை பார்த்தார்கள். காத்திருந்ததால் இன்னும் உயர்ந்திருந்தது. கடைசியில் நோயாளியான தாக்கியோ எனக்குப் பொறுப்பேற்றுக்கொள்வதாகச் சொன்ன பிறகு, அவனுக்குத் துணையாக என்னை உள்ளே விட்டார்கள்.

அன்று திங்கட்கிழமை. முற்றத்தில் கொடி ஏற்றினார்கள். தேசிய கீதம் முடிந்ததும் மாகாணப் பாட்டு. அது முடிந்ததும் மையத்தின் பாட்டு. 'வேரே, வேரே, எங்கள் வேரே' என்று ஆரம்பித்து அது நீண்டுகொண்டே போயிற்று. கன்னம் வீங்கிய நோயாளிகள் எல்லாரும் நெஞ்சில் ஒரு கையும் கன்னத்தில் ஒரு கையுமாக நின்று முனகினோம். பாட்டு முடிந்ததும் ஈறு நலத்துக்கான நடனம். இடுப்பை ஆட்டினால் ஈறுக்கு என்ன நலம் என்று தெரியவில்லை, ஆனாலும் ஆடினோம். தாக்கியோ சங்கீதக்காரன், தாளம் தப்பாமல் ஆடினான். அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

இயக்குநர் டாக்டர் வில்லாருஸ் எங்களை உட்காரவைத்து, எக்ஸ்ரேயைப் பார்த்து, பரவசப்பட்டார்.

"அருமையான கேஸ், அப்பா! புத்தகத்துல போடற மாதிரி வேர்நுனி. கவலைப்படாதீங்க. இந்த மையம் திறந்ததுலேர்ந்து ஒரு அறுவைகூடத் தோல்வி ஆனதில்லை. ஒருத்தருக்குக்கூட ரத்தம் நிக்காமப் போனதில்லை. கிருமி ஏறினதில்லை. நூத்துக்கு நூறு."

"இதுவரைக்கும் எத்தனை பேருக்குப் பண்ணியிருக்கீங்க, சார்?" என்று தாக்கியோ மரியாதையாகக் கேட்டான்.

"இன்னும் ஆரம்பிக்கலை."

அவர் முகத்தில் ஒரு சின்னச் சுளிப்பும் இல்லை. பக்கத்து அறையைத் திறந்து காட்டினார். அங்கே பெரிய நுண்ணோக்கி ஒன்று வெள்ளைத் துணி போர்த்தி, இடுப்பில் சிவப்பு ரிப்பன் கட்டி, புதுநன்மை வாங்கப் போகிற பெண்பிள்ளை மாதிரி நின்றது. ரிப்பனை எம்.பி. வந்து வெட்ட வேண்டும். எம்.பி.க்கு நேரமில்லை.

"நாங்க தரத்துல சமரசம் பண்றதில்லை, அப்பா," என்றார் இயக்குநர். "இந்த வியாதியோட வர்றவங்க எல்லாருக்கும் சர்க்கரை இருக்கு, இதயம் இருக்கு, சிறுநீரகம் இருக்கு. அப்படிப்பட்டவங்களுக்குப் பண்ணினா ஏதாவது ஆகும். ஆச்சுன்னா எங்க பேர் கெட்டுப்போகும். அதனாலதான் கிளியரன்ஸ். முழு ஆரோக்கியமா இருக்கிற நோயாளி ஒருத்தர் வரட்டும்னு காத்துக்கிட்டிருக்கோம்."

"பெரிய வெள்ளிக்குள்ள ஆகணும், சார். நான் ஊதணும்."

"அதுக்கென்ன? சர்க்கரை டாக்டர்கிட்ட ஒரு கிளியரன்ஸ், இதய டாக்டர்கிட்ட ஒரு கிளியரன்ஸ். வாங்கிட்டு வாங்க, உடனே பண்ணிடலாம்."

சர்க்கரை டாக்டரம்மா இரண்டாவது மாடியில். அவர் தாக்கியோவின் ரத்தப் பரிசோதனையைப் பார்த்ததும் மேசையைத் தட்டினார்.

"சர்க்கரை எப்படி இறங்கும்? வாயில சீழை வச்சுக்கிட்டு இருக்கீங்க! உடம்புல சீழ் இருக்கிறவரைக்கும் சர்க்கரை இறங்காது. முதல்ல போய் அதை எடுத்துட்டு வாங்க."

கீழே வந்து சொன்னோம். இயக்குநரும் மேசையைத் தட்டினார். "சர்க்கரை இறங்காம எப்படி வெட்டறது? புண் ஆறுமா? முதல்ல இறக்கிட்டு வரச் சொல்லுங்க!"

மேலே போனோம். கீழே வந்தோம். மறுபடி மேலே. மூன்றாவது தடவை இறங்கும்போது எனக்குப் பொறுமை போய்விட்டது.

"சார், நீங்க ரெண்டு பேரும் நேர்லயே ஒரு வார்த்தை பேசிக்கிட்டா என்ன?"

"எப்படிப் பேசறது?" என்றார் இயக்குநர் வருத்தத்தோடு. "அவங்க என் மனைவி. வீட்டுல ஆஸ்பத்திரிப் பேச்சு எடுக்கிறதில்லைன்னு ஒரு ஒப்பந்தம். ஆஸ்பத்திரியில வீட்டுக்காரங்க பேசிக்கிட்டா விதிமீறல்."

இதய டாக்டர் மூன்றாவது மாடியில் இருந்தார். ரத்தம் இளக்கும் மாத்திரையை அறுவைக்கு முன் நிறுத்த வேண்டும் என்று பல்காரர்கள் சொல்ல, நிறுத்தினால் ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும் என்று இவர் சொன்னார்.

"நிறுத்தாம வெட்டலாம். கொஞ்சம் ரத்தம் வரும், அழுத்திப் பிடிச்சா நின்னுடும். ஆனா நான் அதை எழுதித் தரமாட்டேன்."

"ஏன் டாக்டர்?"

"எழுதினா, ரத்தம் வந்தா நான் சொன்னேன்பாங்க. நிறுத்தச் சொல்லி எழுதினா, இதயம் நின்னா நான் சொன்னேன்பாங்க. இதயம் என்னுது, பல்லு அவங்களுது. நடுவுல இருக்கிறது உங்களுது, அப்பா."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே மூன்று மாடியும் பூசாரிகள்தான், சாமியைக் காணவில்லை.

தாக்கியோ கோபப்படவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பேருந்தில் திரும்பும்போது ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அவங்க மேல தப்பில்லை பாரே. என் உடம்புதான் சிக்கலான உடம்பு. சரி பண்ணிக்கிறேன்."

சோற்றை நிறுத்தினான். எங்கள் பக்கத்தில் சோற்றை நிறுத்துவது மூச்சை நிறுத்துவதற்கு அடுத்த படி. வேகவைத்த பீர்க்கங்காய், ஒரு துண்டு மீன், அவ்வளவுதான். சலோமேயும் அவனுக்காக சோறு தின்பதை விட்டாள். எமெங்கின் தட்டில் மட்டும் சோறு இருந்தது. மாத்திரைகளோடு விடியற்காலை நடை. அவன் மெலிந்து, பேண்டு உடுப்பின் தோள்பட்டை கையில் தொங்கியது. பிரஷர் இறங்கியது. சர்க்கரையும் இறங்கியது.

சர்க்கரை டாக்டரம்மாவுக்கு சர்க்கரை இறங்கியது பிடிக்கவில்லை. சீழ் இருக்கும்போது இறங்காது என்று அவர் சொல்லியிருந்தார். ஆகவே பரிசோதனையில்தான் தப்பு என்று மறுபடி எடுக்கச் சொன்னார். மறுபடியும் இறங்கித்தான் இருந்தது. வேறு வழியில்லாமல் கிளியரன்ஸ் கொடுத்தார். இதய டாக்டரும், 'நோயாளி உயிரோடு இருக்கும்வரை இதயம் இயங்க வாய்ப்புண்டு' என்று யாரையும் மாட்டிவிடாத ஒரு வாசகத்தைக் கண்டுபிடித்து எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதைக் கொண்டுபோய் நீட்டினால், இயக்குநரின் உதவியாளர் பெண் தலையை ஆட்டினாள்.

"மனநலக் கிளியரன்ஸ் இல்லையே, அப்பா? நாட்பட்ட நோயாளிகளுக்கு இந்த மாசத்துலேர்ந்து அதுவும் வேணும்."

மனநல டாக்டர் இளவயதுக்காரர். நல்ல மனுஷன், அதைச் சொல்லியாக வேண்டும். எங்களுக்குத் தண்ணீர் கொடுத்தது அந்தக் கட்டடத்தில் அவர் ஒருவர்தான்.

"பல்லைப் பிடுங்கினா ஒரே நிமிஷம். இவ்வளவு கஷ்டப்பட்டு அதைக் காப்பாத்தணும்னு ஏன் நினைக்கிறீங்க, அப்பா?"

தாக்கியோ சொன்னான். ஏரி, புயல், தட்டு, ஜன்னல், எல்லாம் சொன்னான். என்னிடம்கூட அவன் அப்படி ஒரே மூச்சில் சொன்னதில்லை. டாக்டர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். மூக்கைச் சிந்தினார். பிறகு பேனாவை எடுத்தார்.

"இது நாட்பட்ட துக்கம், அப்பா. உங்களுக்கும் இருக்கு, உங்க வீட்டம்மாவுக்கும் இருக்கு. இது கட்டுப்பாட்டுல இல்லை. கட்டுப்பாடு இல்லாத நாட்பட்ட நோய் எது இருந்தாலும் அறுவை பண்ணக்கூடாதுன்னு விதி. முதல்ல இதை இறக்கிட்டு வாங்க."

தாக்கியோ தலையாட்டினான். அவன் கேலி செய்கிறவன் இல்லை. மனதார, ஒரு நல்ல நோயாளியாகக் கேட்டான்.

"எவ்வளவுக்கு எறங்கணும், டாக்டர்?"

"என்ன?"

"சர்க்கரைக்கு ஒரு நம்பர் சொன்னாங்க. பிரஷருக்கு ஒண்ணு சொன்னாங்க. ரெண்டையும் கொண்டு வந்துட்டேன். இதுக்கும் ஒரு நம்பர் சொல்லிட்டீங்கன்னா முயற்சி பண்றேன். பெரிய வெள்ளிக்கு முன்னாடி முடியுமான்னுதான் தெரியலை."

நான் எழுந்து வெளியே போய்விட்டேன். நடைக்கூடத்தில் சுவரைப் பார்த்து நின்றேன். ஒரு நர்ஸ் வந்து, "துணையாள் நோயாளியை விட்டு வரக்கூடாது," என்றாள்.

டாக்டர் விதிப்புத்தகம் முழுக்கத் தேடியிருக்கிறார். துக்கத்துக்கு உச்ச வரம்பு அதில் இல்லை. வரம்பு இல்லாததால் மீறல் இல்லை, மீறல் இல்லாததால் தடையில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அந்த மையம் தாக்கியோவுக்குச் செய்த ஒரே நன்மை, அதன் புத்தகத்தில் இருந்த ஓட்டைதான்.

குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தின புதன்கிழமை நாள் குறித்தார்கள். எம்.பி.க்கும் அன்றுதான் நேரம் கிடைத்திருந்தது. நாங்கள் போனபோது வாசலில் பந்தல், நாற்காலிகள், எம்.பி. முகம் போட்ட பதாகைகள். ஒரு பதாகையின் மூலையில் தாக்கியோவின் முகமும் தபால்தலை அளவில் இருந்தது. 'எங்கள் முதல் புன்னகை' என்று போட்டிருந்தார்கள்.

காலையில் தாக்கியோவின் சர்க்கரை அழகாக இருந்தது. மருந்து ஊசி, கத்தி எல்லாம் தட்டில் தயார். ரிப்பன் வெட்டினால் ஆரம்பித்துவிடலாம். எம்.பி. வர மத்தியானம் ஆயிற்று. பங்குச் சாமியார் நுண்ணோக்கிக்குத் தீர்த்தம் தெளித்தார். அது கண்ணாடியில் படக்கூடாது என்று துணியை எடுக்காமலே தெளிக்கச் சொன்னார்கள். எம்.பி. பேசினார்.

"என் அன்பு மக்களே! நான் பல்லைப் பத்திப் பேச வரலை, வேரைப் பத்திப் பேச வந்திருக்கேன். எங்க அப்பா இந்தத் தொகுதிக்கு எம்.பி. எங்க தாத்தா எம்.பி. எங்க வேர் இந்த மண்ணுல இருக்கு. எவனாவது நுனியை வெட்டிப் பார்க்கட்டும்!"

கைதட்டல். பிறகு கேக் வந்தது. ஒரு ஆள் உயரத்துக்குப் பல் வடிவத்தில் கேக். வேருக்கு ஊதா வள்ளிக்கிழங்குக் கிரீம். இயக்குநர் வெள்ளிக் கத்தியால் வேரின் நுனியை மட்டும் கச்சிதமாக வெட்டி எடுத்தார். அந்த மையத்தில் நடந்த முதல் வேர்நுனி அறுவை அதுதான், அதைக் கண்ணால் பார்த்த சாட்சி நான்.

வெட்டிய நுனியைத் தாக்கியோவின் வாய்க்கு நேரே நீட்டினார். புகைப்படக்காரன் குனிந்தான்.

"எனக்கு சர்க்கரை இருக்கு, சார்."

"ஒரு வாய்தான், அப்பா. நம்ம மரியாதை."

எங்கள் பக்கத்தில் நீட்டிய சாப்பாட்டை மறுக்கிறவன் மனுஷனில்லை. தெருவில் போகிறவனைக்கூட 'வாங்க, சாப்பிடலாம்' என்று கூப்பிட்டுத்தான் பழக்கம். கூப்பிட்டவர் எம்.பி.க்குப் பக்கத்தில் நிற்கிற டாக்டர். தாக்கியோ வாயைத் திறந்தான். படம் சரியாக விழவில்லை என்று இன்னொரு வாய். எம்.பி. தன் கையால் ஒரு வாய். சர்க்கரை டாக்டரம்மாவும் சிரித்துக்கொண்டே வந்து ஒரு வாய் ஊட்டினார். அவர் முதல் தடவையாகத் தன் கணவர் பக்கத்தில் நின்றது அப்போதுதான். பிறகு எல்லாரையும் உட்காரவைத்து பான்சித் நூடுல்ஸ், இனிப்பு ஸ்பகெட்டி, கலர் பானம். சோறு மறந்த வயிறு, பாவம். தட்டை அவன் கையில் திணித்துக்கொண்டே இருந்தார்கள். நான் தடுத்தேன். "என்னங்க துணையாள், முதல் நோயாளியைப் பட்டினி போடறீங்க?" என்று உதவியாளர் பெண் என்னை அதட்டினாள்.

விருந்து முடிந்து, எம்.பி. கிளம்பி, ரிப்பன் துண்டுகளைப் பெருக்கிய பிறகு, விதிப்படி நர்ஸ் அவன் விரலில் குத்தினாள். கருவியைப் பார்த்தாள். இயக்குநரைப் பார்த்தாள்.

அறுவை ரத்து.

இயக்குநர் ஒலிபெருக்கியை இன்னும் கழற்றவிடவில்லை. மீதமிருந்த கூட்டத்தைப் பார்த்துக் கம்பீரமாகப் பேசினார். "இன்னைக்கு எங்க விழிப்புணர்வால ஒரு நோயாளி ஆபத்திலேர்ந்து காப்பாத்தப்பட்டிருக்காரு! கவனக்குறைவான ஒரு மையமா இருந்திருந்தா, இந்நேரம் அவருக்கு அறுவை முடிஞ்சிருக்கும்!"

கைதட்டினார்கள். தாக்கியோவும் தட்டினான். தன்னைக் காப்பாற்றியதாகச் சொன்னால் தட்டாமல் இருப்பது மரியாதையில்லை என்று நினைத்திருப்பான்.

"அடுத்த தேதி?" என்று கேட்டேன்.

"பாடுகளின் வாரத்துல மையத்துக்கு விடுமுறை. ஈஸ்டருக்கு அப்புறம் புதுசா கிளியரன்ஸ் எல்லாம் எடுத்துட்டு வாங்க. பழசு காலாவதி ஆயிடும்."

திங்கட்கிழமை அவன் கன்னம் வீங்கியது. செவ்வாய்க்கிழமை ஒரு கண் மூடிக்கொண்டது, காய்ச்சலில் உடம்பு அனலாகக் கொதித்தது. முச்சக்கர வண்டியில் போட்டு டாக்டரம்மா செலெரினாவிடம் கொண்டு ஓடினேன். அவள் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"சீழ் கண்ணுக்குப் பக்கத்துல ஏறிடுச்சு. இப்பவே பிடுங்கி வழியவிடணும். இதுக்கு மேல பல்லைப் பத்திப் பேசாதீங்க, மாங் தாக்கியோ. உயிரைப் பத்திப் பேசுங்க."

அவன் என்னைப் பார்த்தான். பேச முடியவில்லை. ஒரு கண்ணால் கெஞ்சினான். நான்தான், "பிடுங்குங்க," என்றேன். அவள் யாரிடமும் கிளியரன்ஸ் கேட்கவில்லை. ஊசி போட்டாள், பிடுங்கினாள், அழுத்திப் பிடித்தாள். ரத்தம் கொஞ்ச நேரம் வந்தது, பிறகு நின்றது. மாத்திரைகளும் ஊசிகளும் கொடுத்து, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிற நிலை வராமல் பார்த்துக்கொண்டாள். மறுநாள் மையத்திலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் விசாரித்தாள். விடுமுறையிலும் விசாரிப்பது அவர்கள் தரமாம்.

"வேர்நுனியில இன்னும் தொந்தரவு இருக்கா?"

"வேரே இல்லை," என்றேன்.

"அப்போ தொந்தரவு இல்லைன்னு போட்டுக்கறேன். வாழ்த்துகள்!"

பெரிய வெள்ளி வந்தது. அவனை வரவேண்டாம் என்று பேண்டு மாஸ்டரே சொல்லிப் பார்த்தார். அவன் உடுப்பைப் போட்டுக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்றான். கன்னத்தில் வீக்கம் பாதி வடிந்திருந்தது.

"வேற யாரையாவது ஊதச் சொல்லலாம், பாரே," என்றேன்.

"வேற யாரு ஊதினாலும் அவளுக்குத் தெரியும். அவ சொல்றபடி பார்த்தா, அவனுக்கும் தெரியும்."

ஊர்வலம் கிளம்பியது. முன்னால் கல்லறை ஆண்டவர், கடைசியில் கறுப்புப் பட்டில் வியாகுல மாதா. ஊர்ப் பிரமுகர்களோடு டாக்டர் வில்லாருஸும் அந்த வருஷம் விருந்தாளியாக வந்திருந்தார். கையில் மெழுகுவர்த்தி, நெஞ்சில் குறுக்குப்பட்டை. ஏரிக்கரைத் திருப்பத்தில் சப்பரம் நின்றது. பேண்டு அடங்கியது. நான் டிரம்மின் தோலில் உள்ளங்கையை வைத்து அதிர்வை நிறுத்தினேன். மாடி ஜன்னலில் சலோமே ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

தாக்கியோ ட்ரம்பெட்டை உதட்டில் வைத்தான். ஊதினான். காற்றுதான் வந்தது. உதட்டைத் துடைத்துவிட்டு வாய்க்குழாயை ஒரு பக்கமாகச் சாய்த்து ஊதினான். ஏதோ ஒரு கரகரப்பு, பிறகு எச்சில். மறுபடியும் ஊதினான். பித்தளையில் ரத்தம் வழிந்தது. தெரு முழுக்க ஜனம், ஒரு இருமல் சத்தம்கூட இல்லை. நான் டிரம்மை ஓங்கி அடித்து எல்லாவற்றையும் மூடிவிடலாமா என்று நினைத்தேன். உள்ளங்கையைத் தோலிலிருந்து எடுக்கவில்லை.

டாக்டர் வில்லாருஸ் எனக்குப் பின்னால் நின்று யாரிடமோ கிசுகிசுத்தார். "மௌன அஞ்சலியா? ரொம்ப உருக்கமான ஏற்பாடு."

நான் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் அந்தப் புனித நாளில் ஒரு பாவம் நடந்திருக்கும்.

ஜன்னலில் சலோமே இல்லை. கதவு திறந்தது. வீட்டுச் செருப்போடு தெருவுக்கு வந்தாள். ஜனம் வழி விட்டது. மாதா சப்பரத்துக்கு முன்னால் அவனிடம் வந்து, அவன் கையிலிருந்த ட்ரம்பெட்டைக் கீழே இறக்கினாள். சட்டைக் கையால் அவன் வாயைத் துடைத்தாள்.

"எனக்கே கேக்கலைங்க," என்றாள். "மாடியில நிக்கற எனக்கே கேக்கலை. அவனுக்கு எப்படிக் கேக்கும்?"

தாக்கியோ மறுபடி ட்ரம்பெட்டைத் தூக்கப் பார்த்தான். அவள் அதை விடவில்லை. அவன் முகத்தையே பார்த்தாள். எமெங் போன நாளிலிருந்து யாரிடமும் கேட்காததைக் கேட்டாள்.

"அவன் வரமாட்டான், இல்லையா?"

தாக்கியோ ஏரியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்துச் சொன்னான்.

"வரமாட்டான், சலோமே."

பல் போன வாயில் அந்தச் சொல்லும் பாதி காற்றாகத்தான் வந்தது. ஆனால் அவளுக்கு நன்றாகக் கேட்டது. நடுத்தெருவில், மெழுகுவர்த்திகளுக்கு மத்தியில், அப்படியே உட்கார்ந்து அவள் அழ ஆரம்பித்தாள்.